ரிஜிஸ்டரில் இல்லாத பதினைந்து நிமிடம்: தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கு, அதிலும் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, வணக்கம்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் 31 வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், லீவு எத்தனை, ஓவர்டைம் எவ்வளவு என்று எழுதுவதுதான் என் வேலை. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. உங்கள் பதவி உலகத்தில் தொடங்கிய காலத்தில் அதில் உட்கார்ந்த லியோனார்டு ஹார்னர் என்ற மனிதரைப் பற்றி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவரை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். ஆனால் ஏழே முக்காலுக்கே ரிங் ஃப்ரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்திருக்கும். சைடு பார்க்கும், அதாவது இயந்திரத்தின் பக்கங்களைக் கவனிக்கும் பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டியபடி நடந்துகொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி. இருபது நிமிடம் ஆனதும் மேஸ்திரி கேன்டீன் வாசலில் வந்து நிற்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் நிற்பதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். என் ரிஜிஸ்டரில் மட்டும் எட்டு மணி, பன்னிரண்டு, பன்னிரண்டரை, நாலரை என்று அச்சடித்தமாதிரி இருக்கும். ஆய்வாளர் வருவார். ரிஜிஸ்டரைப் புரட்டுவார். டீ வரும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் பார்த்த ரிஜிஸ்டரை எழுதியவன் நான். ஆகவே அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் ரிங் ஃப்ரேமில் வேலை பார்த்த ஒரு பெண் சம்பளச் சீட்டு வாங்க வந்தபோது கேட்டார்: "அண்ணா, நாங்க ஏழே முக்காலுக்கு வர்றது எங்கயாவது எழுதியிருக்குதுங்களா?" இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, இனி லியோனார்டு ஹார்னருக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு தொழிற்சங்க அலுவலகத்தில் இருந்த, மார்க்ஸ் எழுதிய மூலதனம் நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பகுதி எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேலைநாள் பற்றிய அத்தியாயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் சான்றாக வருவது இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள். ஓர் அடிக்குறிப்பில் மார்க்ஸ் ஹார்னர் என்ற ஆய்வாளரின் பெயரைச் சொல்லி, ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்துக்கு அவர் செய்த சேவைக்கு அழிவே இல்லை என்கிறார். ஓர் அரசாங்க அதிகாரியை மார்க்ஸ் இப்படிப் பாராட்டுகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் என் மகள் இணையத்தில் தேடித் தேடி எடுத்துக் கொடுக்க, கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஹார்னர் 1785இல் எடின்பரோவில் லினன் துணி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவருக்கு உயிர் புவியியல். கல், மண், பாறை அடுக்கு. லண்டனில் புவியியல் கழகம் தொடங்கிய மறுவருடமே, 1808இல், அதில் சேர்ந்தார். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார். 1821இல் எடின்பரோவில் கைத்தொழிலாளிகள் மாலை நேரத்தில் அறிவியல் படிக்க ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று ஹெரியட்-வாட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அவருடைய மகளை மணந்தவர் சார்லஸ் லயல். டார்வின் கப்பலில் கையோடு கொண்டுபோன புவியியல் நூலை எழுதிய அதே லயல்.

1833இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. பதினெட்டு வயதுவரை நாளுக்கு 12, வாரத்துக்கு 69. இதற்கு முன்பும் சட்டங்கள் இருந்தன, ஆனால் போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் ஏட்டோடு நின்றுவிட்டன. இந்தச் சட்டம்தான் முதல்முறையாகச் சம்பளம் கொடுத்து ஆய்வாளர்களை வைத்தது. மொத்த நாட்டுக்கும் நான்கே பேர். ஆயிரக்கணக்கான ஆலைகள். அந்த நால்வரில் ஒருவர் ஹார்னர். ஐம்பது வயதை நெருங்கும்போது வேலையில் சேர்ந்தவர் 1859வரை, 74 வயது ஆகும்வரை, அதே வேலையில் இருந்தார்.

வந்த உடனே ஒரு சிக்கல். ஒரு பிள்ளைக்கு வயது ஒன்பதா ஏழா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உரிய உடல்வாகு இருக்கிறது என்று சான்று கொடுத்தால் போதும். வீட்டில் பசி, ஆலையில் ஆள் தேவை. பெற்றோரும் முதலாளியும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். ஹார்னர் உயரத்தை அளந்து வயதை முடிவு செய்யலாமா என்று பார்த்தார். மருத்துவர்களைக் கொண்டு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளக்கவைத்து அட்டவணை வெளியிட்டார். அதே சமயம் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, உயரத்தைவிடப் பல் முளைக்கும் வரிசைதான் வயதுக்கு நல்ல சாட்சி என்று 1837இல் ஒரு சிறுநூல் எழுதினார். ஒரு பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று தீர்மானிக்க, அதன் கடைவாய்ப் பல்லை எண்ணிப் பார்க்கும் நிலை. படித்தபோது என் பேத்தியின் விழுந்த பல் ஞாபகம் வந்து புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அதே 1837இல்தான், முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல் பொருளாதாரத்தின் முதல் டிரம்மண்ட் பேராசிரியராக இருந்த நாசோ சீனியர், வேலை நேரத்தைக் குறைக்கக் கூடாது என்று வாதாடி வணிக வாரியத் தலைவருக்கு மடல்கள் எழுதினார். அவர் கணக்கை நான் உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு இன்னும் சாகவில்லை. ஓர் ஆலைக்கு ஒரு லட்சம் பவுண்டு முதலீடு. ஆண்டுக்கு 1,15,000 பவுண்டுக்குச் சரக்கு. நாளுக்குப் பதினொன்றரை மணி நேர வேலை, அதாவது 23 அரை மணிகள். இதில் முதல் இருபது அரை மணி போட்ட முதலைத் திருப்பி எடுக்கவே சரியாகப் போகிறது. அடுத்த ஓர் அரை மணி இயந்திரத் தேய்மானத்துக்கு. மிச்சம் இரண்டே அரை மணி, அதாவது கடைசி ஒரு மணி நேரம்தான் நிகர லாபம். ஆகவே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் லாபம் மொத்தமும் போச்சு, ஆலை மூடவேண்டியதுதான் என்றார் பேராசிரியர்.

எங்கள் ஆலையில் பஞ்சு கலக்கும் மிக்சிங்கில் பஞ்சுப் பேல் பிரிக்கிறவர்கூட இதில் உள்ள ஓட்டையைக் காட்டிவிடுவார். ஒரு மணி நேரம் குறைவாக ஓடினால் அந்த ஒரு மணி நேரப் பஞ்சு செலவாகாமல் அப்படியே இருக்குமே? சீனியர் பஞ்சு வாங்கிய பணத்தையும் கட்டடத்துக்குப் போட்ட பணத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். இயந்திரமும் கட்டடமும் சும்மா நின்றாலும் அதில் முடங்கிய பணம் குறையாது. அதனால் லாபம் கொஞ்சம் இறங்கும், அது உண்மைதான். மொத்தமாகப் போகாது. அவர் மான்செஸ்டர் பக்கம் போனவர்தான், ஆலை முதலாளிகளோடு உட்கார்ந்து பேசியவர்தான். அந்தப் பேச்சின் குறிப்புகளே அவருடைய சிறுநூலின் பின்னால் அச்சாகியிருக்கின்றன. ஹார்னர் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் கூடவே இருக்கிறது. ஒரே நூலில் இருவருமே இருக்கிறார்கள்: கணக்குப் போட்டவர், ஆலைக்குள் நடந்தவர்.

ஹார்னர் பின்னால் என்ன செய்தார் என்றால், ஆலைக்குள் நடந்ததை எழுதிவைத்தார். பிரெஸ்டன் ஊரில் ராபர்ட் கார்ட்னர் என்பவர் தம் இரண்டு பெரிய ஆலைகளில் 1844 ஏப்ரல் 20 முதல் தாமாகவே 12 மணி நேரத்தை 11 ஆக்கினார். சுமார் ஒரு வருடம் கழித்து ஹார்னர் கணக்கைப் பார்த்தார். அதே அளவு சரக்கு, அதே செலவு, தொழிலாளிகளுக்கும் முன்பு வாங்கிய கூலி. பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கிலும் இயந்திர வேகத்தை நூற்றுக்கு இரண்டு கூட்டியிருந்தார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நெசவுப் பகுதியில் வேகத்தை மாற்றவே இல்லை. அங்கே 12 மணி நேரம் வேலை செய்தபோது ஆளுக்கு வாரச் சராசரிக் கூலி 10 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. 11 மணி நேரமானபோது 10 ஷில்லிங் மூன்றரைப் பென்னி. தறியின் வேகம் அதேதான், நேரம்தான் குறைந்தது, கூலி ஏறியிருக்கிறது. களைப்பு குறைந்ததால் கவனமும் நிதானமும் கூடி, வீணாகும் நிமிடங்கள் குறைந்தன. ஷிப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை நூல் அறும், எத்தனை பேர் நின்றபடியே கண் அயர்வார்கள் என்று பார்த்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. பேராசிரியரின் இருபத்து மூன்று அரை மணிகளுக்குப் பதில் சொல்ல, கூலிப் புத்தகத்தின் இரண்டு எண்கள் போதுமாக இருந்தன.

1847இல் பத்து மணி நேரச் சட்டம் வந்து, 1848 மே முதல் பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரம் என்றானது. சட்டத்துக்காகப் போராடியவர்களில் ஜான் ஃபீல்டன் தாமே ஆலை முதலாளி என்பதையும் சொல்லவேண்டும். மற்ற முதலாளிகள், தொழிலாளிகளே இந்தச் சட்டத்தை விரும்பவில்லை, கூலி குறைகிறது என்று வருந்துகிறார்கள் என்றார்கள். ஆய்வாளர்கள் லங்காஷயர் ஆலைகளில் தொழிலாளிகளிடமே கேட்டார்கள். ஹார்னரின் விசாரணையில் ஆண் தொழிலாளிகளில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில், கூலி குறைந்தாலும் பத்து மணி நேரமே வேண்டும் என்றார்கள்.

இப்போது நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டிய இடம். சட்டம் வந்ததும் முதலாளிகள் தொடர்மாற்று முறையைக் கையில் எடுத்தார்கள். காலை ஐந்தரை முதல் இரவு எட்டரைவரை ஆலை ஓடும். சிறுவர்களையும் பெண்களையும் ஒரு அறையில் ஒரு மணி நேரம், அப்புறம் வெளியே, அப்புறம் வேறு அறையில் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எந்த ஆய்வாளராலும் எண்ண முடியாது. 1848 ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரே ஆய்வாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். உண்மையில் நேரம் மீறியதாக நம்ப இடமில்லாதபோது, தொடர்மாற்று முறைக்காக வழக்குப் போடவேண்டாம் என்றது அது. ஸ்காட்லாந்து ஆய்வாளர் இறங்கிப்போனார். ஹார்னர் போகவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்திவைக்க அமைச்சருக்கு அதிகாரம் கிடையாது என்ற நிலையில் நின்று வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். வழக்கைக் கேட்கும் நீதிபதி இருக்கையில் பல ஊர்களில் ஆலை முதலாளிகளே இருந்தார்கள். தோற்றார், மறுபடி போட்டார். 1850 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் ஒன்றே முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அதே வருடம் வந்த சட்டம்தான் காலை ஆறு முதல் மாலை ஆறு என்று கதவைப் பூட்டியது. சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலை முடியவேண்டும் என்றதும் அந்தச் சட்டம்தான். தினசரி வேலை அரை மணி நேரம் கூடிப் பத்தரை மணி ஆனது. அது தொழிலாளிகள் கொடுத்த விலை.

மேலிடத்திலிருந்து தாள் வந்த பிறகும் ஒருவர் இப்படி நின்றிருக்கிறார். உங்கள் மேஜைக்கும் தாள்கள் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என் கடிகாரக் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஆலைகளில் கடிகாரத்தைக் காலையில் முன்னேயும் மாலையில் பின்னேயும் தள்ளிவைப்பது உண்டு. அதனால் 1844 சட்டம் ஆலையின் நேரம் ஒரு பொதுக் கடிகாரத்தைப் பார்த்தே இருக்கவேண்டும் என்றது, உதாரணமாகப் பக்கத்து ரயில் நிலையக் கடிகாரம். அதற்குப் பிறகும் நிமிடத் திருட்டு நின்றபாடில்லை. ஆறுக்கு முன்னால் கொஞ்சம், சாப்பாட்டில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். 1850களின் ஆய்வறிக்கைகளில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஆண்டுக்கு இரண்டரை நாள் உற்பத்தி. மரியாதைக்குரிய முதலாளி ஒருவர் ஆய்வாளரிடம், நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் கூடுதலாக ஓட்ட விட்டால் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு என் பையில் விழும் என்று சொன்னதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

இதைப் படித்த இரவு நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். காலையில் 15 நிமிடம், சாப்பாட்டில் 10 நிமிடம். 300 வேலை நாளுக்கு 125 மணி நேரம். எட்டு மணி நேர நாளாக வகுத்தால் பதினைந்து நாளுக்கு மேல். ஒவ்வொரு பெண்ணும் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார், அதற்கு என் ரிஜிஸ்டரில் சாட்சி கூட இல்லை.

ஹார்னர் ஆய்வாளராக இருந்தபோதே இன்னொரு அளவையும் நடத்திக்கொண்டிருந்தார். 1851 முதல் எகிப்தில் நைல் சமவெளியில் ஆட்களை வைத்துக் குழிகள் தோண்டச் செய்து, வண்டல் நூறு வருடத்துக்கு எவ்வளவு படிகிறது என்று பார்த்தார். மூன்றரை அங்குலம் என்று கணித்தார். 39 அடி ஆழத்தில் கிடைத்த பானை ஓட்டை வைத்து, மனிதன் அங்கே பதின்மூவாயிரம் வருடத்துக்கு முன்பே இருந்தான் என்றார். உலகம் படைக்கப்பட்டது கிறிஸ்துவுக்கு 4004 வருடம் முன்பு என்று பைபிள் ஓரத்தில் அச்சடித்து வந்த காலம் அது; அந்த ஆண்டை எடுத்துவிடுங்கள் என்று 1861இல் புவியியல் கழகத் தலைவர் உரையில் சொன்னார். நைல் கணக்கைப் பலர் மறுத்தார்கள், அது நிற்கவும் இல்லை. ஆனால் எங்கே தோண்டினோம், எத்தனை அடி, எப்படி வகுத்தோம் என்று எல்லாவற்றையும் அச்சில் போட்டிருந்தார். அதனால்தான் மற்றவர்களால் தவறைக் காட்ட முடிந்தது. ஆலை அறிக்கையிலும் அதே பழக்கம்தான். எந்த ஆலை, எந்தத் தேதி, யார் என்ன சொன்னார். அறிக்கைகள் குறித்த காலத்தில் நாடாளுமன்றத்தின் முன் வந்தன, அச்சாயின, யாரும் படிக்கலாம். மார்க்ஸ் படித்தது அப்படித்தான்.

நம் நாட்டுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இந்திய ஆலைகளின் போட்டியைப் பார்த்த லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம். அதில் குழந்தைத் தொழிலாளியின் குறைந்த வயது ஏழு. சென்னையில் 1918இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, உச்சிச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளில் ஒன்று. மேஸ்திரி வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்தவன், அதனால் அந்தக் குறை எனக்கு நன்றாகவே புரியும். 1948 சட்டம் பெரியவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வைத்தது. மேலே ஒருமுறை பாருங்கள். 1833இல் இங்கிலாந்து பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்த அதே எண்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அந்தப் பத்து நாளும் தொலைக்காட்சி விவாதங்களை விடாமல் பார்த்தேன். முதலீடு வராது, வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்றார்கள். எட்டு மணி நேரம் ஓடும் பிரிவில் எவ்வளவு சரக்கு, பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பிரிவில் எவ்வளவு, விபத்து எந்த மணியில் நடக்கிறது என்று ஆலைக்குள் எண்ணிவைத்த ஒருவர்கூட அந்த விவாதங்களில் இல்லை. எண்ணக்கூடியவர்கள் நீங்கள்தான். உள்ளே போக உரிமை உள்ளவர்களும் நீங்கள்தான்.

2020 தொழிலாளர் சட்டத்தொகுப்பு உங்கள் பதவிப் பெயரோடு வசதி செய்து கொடுப்பவர் என்பதையும் சேர்த்திருக்கிறது. சட்டத்தைப் புரிந்துகொள்ள முதலாளிக்கு உதவுவதில் தப்பில்லை. ஹார்னரும் அதைச் செய்தவர்தான். ஆய்வாளர் என்ற முன்பாதி தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்னால் ஒருநாளாவது வாசலில் நில்லுங்கள். ரிஜிஸ்டரைப் பார்ப்பதற்கு முன் சாப்பாட்டு அறையைப் பாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதி, அந்த ஆலையில் வேலை செய்கிறவர் கையில் கிடைக்கும்படி வெளியிடுங்கள். என் 31 வருடத்தில் எங்கள் ஆலையைப் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பை ஒரு தொழிலாளிகூடப் படித்ததில்லை. வெளியிட விதி இடம் கொடுக்கவில்லை என்றால், இடம் கொடுக்கும்படி அரசிடம் கேளுங்கள். நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

அந்தப் பெண் சம்பளச் சீட்டோடு கேட்டுவிட்டுப் போன அன்று மாலை, பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பாக்கெட் டைரி வாங்கினேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஆறு வருடம், ஃப்ரேம் உண்மையில் ஓட ஆரம்பித்த நேரத்தையும் சாப்பாட்டு அறை காலியான நேரத்தையும் தினமும் அதில் குறித்துவைத்தேன். யாரிடமும் காட்டத் தைரியம் வரவில்லை. ஆறு டைரிகளும் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. உங்களில் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு டைம் கீப்பர்